ஓரத் தையலுக்குள் இருந்தது

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய் என்று யாராவது சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற ஆள்தான் நானும். ஆனால் இது எனக்கு நடந்தது. என் பிள்ளைக்கு நடந்தது. அதனால் இப்போது சிரிப்பதில்லை.

என் பெயர் அன்புசெல்வி. ஊர் சங்கரன்கோவில் பக்கம். திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் மாதிரியைப் பார்த்து முதல் உருப்படியைத் தைத்துக் கொடுப்பது என் வேலை. வீட்டுக்காரர் இறந்த பிறகு, இரண்டு வயது மகள் அபிராமியை ஊரில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவளை ரூமில் தனியாக வைத்துவிட்டு ஷிப்டுக்கு எப்படிப் போவது? தினமும் போனில் முகத்தைப் பார்ப்பேன். சில நாள், பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

போன வருஷம், தீபாவளிக்கு முந்தின நாள். தெற்கத்தி ஆட்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிப் போய், திருப்பூரே காலியாகக் கிடந்தது. எனக்கு மட்டும் ஒரு வேலை மிச்சம்.

போலந்து நாட்டு ஆர்டர். பழைய ஜமீன் மாதிரி பெரிய குடும்பமாம். கோடையில் சொந்தபந்தம் மொத்தமும் ஒரே இடத்தில் கூடப்போகிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி டீ-ஷர்ட். அந்தக் குடும்பத்தில் மாரெக் என்று ஒருவர், இருபது வருஷமாக வம்சாவளியைத் தோண்டிக்கொண்டிருக்கிறார். எல்லாப் பெயரும் கிடைத்துவிட்டது, ஒருத்தியின் பெயரைத் தவிர. எட்டுத் தலைமுறைக்கு முன்னால், கப்பலில் போன மூதாதை ஒருவர் எங்கிருந்தோ கட்டிக்கொண்டு வந்த பெண். இத்தாலிக்காரி என்கிறார்கள் சிலர். இல்லை, துருக்கி ராஜகுமாரி என்கிறார்கள் சிலர். பெருமைக்குக் கேட்கவா வேண்டும்! வம்சாவளிப் படத்தில் அவளுக்கு ஒரு வெறும் வட்டம் மட்டும் போட்டு வைத்திருந்தார்கள்.

அவள் கையால் பின்னிய குழந்தைச் சட்டை ஒன்று மிஞ்சியிருந்தது. சாம்பல் நிறக் கம்பளி நூல். அதன் ஓரத்துப் பூவேலை டீ-ஷர்ட்டில் அப்படியே வரவேண்டும் என்று அசல் சட்டையையே அனுப்பிவிட்டார் மாரெக்.

"அன்புக்கா, இதை மட்டும் முடிச்சுக் குடுத்துருங்க. ராத்திரி பஸ்ஸுக்கு நானே கொண்டுபோய் உட்டுடறனுங்க," என்றாள் முதலாளி மகள் தேஜஸ்ரீ. "ஓரத் தையலுக்குள்ள ஏதோ கெட்டியா இருக்குதாமா. எக்ஸ்ரே எடுத்துப் பாத்தும் என்னன்னு தெரியலீங்களாமா. பிரிச்சுடாதீங்க."

அவள் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேஜைக்கு வந்தேன். மாலை ஆறரை இருக்கும். கவரைப் பிரித்தேன்.

வசம்பு வாசனை.

பிள்ளை பெற்றவளுக்கு அந்த வாசனையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. குழந்தை கையில் கோத்துக் கட்டுவோமே, அதுதான். என் அபிராமியின் வாசனை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போலந்துச் சட்டையில் வசம்பு எப்படி வந்தது என்று அப்போது யோசிக்கக்கூடத் தோன்றவில்லை.

அளவெடுக்கச் சட்டையைத் தொட்டேன். கையை இழுத்துக்கொண்டேன்.

சூடாக இருந்தது. காய்ச்சல் பிள்ளையைத் தொட்டது போல.

அப்போதுதான் போன் அடித்தது. அக்கா. வீடியோ கால்.

"ஏட்டி, பிள்ளைக்கு மேலெல்லாம் கொதிக்கு. மருந்து குடுத்தும் இறங்கல. உன்னையத்தான் கேட்டு அழுதா."

திரையில் அபிராமி கண் செருகிக் கிடந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கையைப் பார்த்தேன். வெறுங்கை.

"கையில கட்டியிருந்தது எங்கக்கா?"

"பேர் சொல்லாதது அறுந்து விழுந்துட்டு. நாளைக்குத்தான் வாங்கணும்."

விளக்கு வைத்த பிறகு வசம்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டோம். அது எங்கள் ஊர் வழக்கம். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த நிமிஷம் என்னைப் போலப் பாவி யாரும் இல்லை என்று நினைத்தேன்.

டிக்... டிக்... டிக்...

எனக்குப் பின்னால். மெஷின்களுக்கான மெயினை நானேதான் அணைத்திருந்தேன். மேஜை விளக்கு மட்டும்தான் எரிந்தது. இது மெஷின் சத்தம் இல்லை. இரண்டு பின்னல் ஊசிகள் உரசுகிற சத்தம்.

நின்றது.

பிறகு... ஒரு முனகல். இல்லை. பாட்டு.

ஆராரோ... ஆரிரரோ...

வயதான குரல். நடுக்கம். பாதிச் சொல் புரியவில்லை. ஆனால் தமிழ்.

அபிராமி கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

சிரித்தாள்.

"நல்லாப் பாடுதாளே," என்றாள் அக்கா. "யாருட்டி அது, உன் பின்னால?"

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

பிடரியில் ஜில்லென்று ஒரு மூச்சு...

பாட்டு நின்றது.

"ஏட்டி, தூங்கிட்டா. வேர்க்கு... காய்ச்சல் விடுது!" அக்காவின் குரல் உடைந்தது.

திரும்பினேன். யாரும் இல்லை. மேஜையில் சட்டை கிடந்தது. தொட்டேன்.

ஐஸ் மாதிரி இருந்தது.

சாம்பிள் தைக்கவில்லை. கேட்டுக்கு வெளியே வந்து நின்றுவிட்டேன். தேஜஸ்ரீயிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். அவள் உடனே வண்டியை எடுத்து வந்து பஸ் ஏற்றிவிட்டாள்.

விடிகாலையில் ஊர் போய்ச் சேர்ந்தேன். அபிராமி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். உடம்பு குளுகுளு என்று இருந்தது. தூக்கும்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். வசம்பு. கறுத்து, சுருங்கி, எத்தனையோ காலத்துப் பழசு.

"எப்பக்கா வாங்கின?"

"நான் எங்க வாங்கினேன்? கண்ணு முழிச்சுப் பாத்தேன், கையில கெடந்துச்சு. நீ வந்து கட்டிட்டு வெளிய நிக்கேன்னுல்லா நெனச்சேன்."

கோத்திருந்தது சாம்பல் நிறக் கம்பளி நூலில்.

லீவு முடிந்து திரும்பும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். ஷிப்டு, ரூம், எதுவும் நினைக்கவில்லை.

சாம்பிளை முடித்துக் கொடுத்தேன். சட்டை போலந்துக்குத் திரும்பிப் போனது. மாரெக் பதறிப்போய்க் கூப்பிட்டார். ஓரத் தையலுக்குள் ஒன்றும் இல்லையாம். தையலில் ஓர் இழைகூடப் பிரியவில்லையாம். தேஜஸ்ரீ என்னைக் கேட்டாள். அபிராமியின் கையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்தக் கயிற்றைப் போனில் படமெடுத்துக்கொண்டாள். பிறகு அவளே மாரெக்குக்குச் சொன்னாள்.

வசம்பு, தமிழ்த் தாலாட்டு என்றதும் அவர் இத்தாலியையும் துருக்கியையும் விட்டுவிட்டு, தரங்கம்பாடிக்கு வந்துபோன பழைய டென்மார்க் கப்பல்களைத் தேடியிருக்கிறார். சித்திரையில் ஒரு பழைய நாட்குறிப்பிலிருந்து தகவல் வந்தது; அதிலும் அவள் பெயர் இல்லையாம், 'என் மனைவி' என்று மட்டும்தான். அந்த மூதாதை ஒரு கப்பலில் டாக்டர். தரங்கம்பாடியில் ஒரு விதவையைக் கட்டியிருக்கிறார். அவளுக்கு ஏற்கெனவே ஒரு பெண் பிள்ளை. இரண்டு வயது. கப்பல் கிளம்பிய அன்று பிள்ளைக்குக் காய்ச்சல். நோய்ப் பிள்ளையை ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். தாயை மட்டும் ஏற்றினார்கள்.

அந்தச் சட்டையை அவள் போலந்தில் பெற்ற எந்தப் பிள்ளைக்கும் போட்டதில்லையாம். வருஷா வருஷம் பிரிப்பாளாம். மறுபடி பின்னுவாளாம். சாகும்வரை அதே இரண்டு வயது அளவுதானாம். தேஜஸ்ரீ இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருமே அழுதுவிட்டோம்.

அந்தக் கயிற்றை நான் அவிழ்க்கவில்லை. மனசு வரவில்லை. அபிராமிக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. கை நன்றாகப் பருத்துவிட்டது. ஆனால் கயிறு இதுவரை இறுகவே இல்லை. யாரோ அவ்வப்போது முடிச்சைத் தளர்த்திக் கட்டுகிறார்கள்.

நான் இல்லை.