ஏற மாட்டார்கள் என்று சொன்னவர்

மேட்டூரில் நான் வேலை பார்க்கும் ஆலைக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் படிகள், மற்ற மூன்று பக்கமும் கருவேல மரங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அங்கே கால்பந்து ஆட்டம் நடக்கும். எங்கள் ஊர் அணி மாவட்ட லீக்கில் இரண்டாம் டிவிஷனில் பல வருடமாக ஆடிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அடுத்த வருடம் மேல் டிவிஷனுக்குப் போகலாம். ஒருமுறையும் வந்ததில்லை.

பந்தாட்டத்தின் மேல் ஆசைப்பட்டு நான் அங்கே போகவில்லை. மனைவிக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்து, மகளும் அவளோடு போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. குவார்ட்டர்ஸில் படுத்திருந்தவன் ஒருநாள் கூச்சல் கேட்டு எழுந்து போனேன். மூன்றாவது படியில் இரண்டு பேர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருவர் அணை மீன் விற்கும் அக்கா. காலையில் வியாபாரத்தை முடித்து, குளித்து, பூ வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு வருவார். இன்னொருவர் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். கோபக்காரர். நடுவரைத் திட்டுவதற்கென்றே தொண்டைக்கு மிட்டாய் வாங்கி வருவார். அன்றிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் அவர்களோடுதான்.

நான் சொல்ல வந்தது எங்கள் பழைய பயிற்சியாளரைப் பற்றி. ஒன்பது வருடம் இந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். அணி மேலே ஏறவே இல்லை என்று பலருக்கும் சலிப்பு வந்து, அவரை மாற்றச் சொல்லிக் கமிட்டிக்கு ஒரு கடிதம் போனது. அவர் சண்டை போடவில்லை. விலகிக்கொண்டு, நாமக்கல் பக்கம் எருமப்பட்டியில் மனைவியின் ஊருக்குப் போய்க் கோழிப்பண்ணை வைத்துவிட்டார். அந்தக் கடிதத்தில் என் கையெழுத்தும் இருந்தது. இதை நான் அக்காவிடமும் அண்ணனிடமும் சொன்னதில்லை.

புதுப் பயிற்சியாளர் வந்த வருடம் அணி நன்றாக ஆடியது. இன்னும் ஆறு ஆட்டங்கள் இருக்கும்போது நாங்கள் இரண்டாம் இடத்தில் இருந்தோம். அந்த நேரத்தில்தான் ஒரு யூடியூப் சேனல்காரர்கள் பழையவரிடம் போய் அபிப்பிராயம் கேட்டார்கள். கோழிக் கொட்டகை முன்னால் நின்று அவர் சொன்னார்: “நம்ம பசங்க இந்த வருசம் ஏற மாட்டாங்க. எழுபது நிமிசம் அருமையா ஆடுவாங்க. அதுக்கு மேல காலு நிக்காது.”

அடுத்த ஞாயிறு நான் படிக்கு வரும்போதே சண்டை தொடங்கியிருந்தது.

“வயித்தெரிச்சலுங்க அது” என்றார் அண்ணன். “தன்னைய அனுப்பிச்சதுக்கப்பறம் டீம் ஏறிட்டா மூஞ்சிய எங்க கொண்டு வெக்கறது? அதுக்கு இப்பவே சொல்லி வெக்கறாரு.”

“அவரு ‘நம்ம பசங்க’ன்னுதான சொன்னாரு” என்றார் அக்கா. “‘அவனுங்க’ன்னா சொன்னாரு?”

“எப்படிச் சொன்னா என்ன? ஆடற பசங்க காதுல உளுந்தா மனசு ஒடையாதா?”

“மனசு கெடக்கட்டும். போன வாரம் கடைசீல கோல் உளுந்தப்ப நம்மாளுங்க எங்க இருந்தாங்க? நடந்துட்டிருந்தாங்க. நீங்க ரெப்ரியத் திட்டிட்டிருந்தீங்க, அதனால பாக்கல.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரி என்றால் அவரை அனுப்பியது தவறு. அவர் சொன்னது பொறாமை என்றால் என் கையெழுத்து சரி. எனக்கு எது வசதி என்று எனக்கே தெரிந்திருந்தது. அதனால்தான் வாய் திறக்கவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. துரோகி என்றுகூட ஒருவர் எழுதினார். அக்காவுக்குத் தட்டச்சு வராது. அவர் நீளமாக ஒரு குரல் பதிவு போட்டார். அதைக் கேட்டுவிட்டு அண்ணன் குழுவை விட்டே வெளியேறினார். அடுத்த ஆட்டத்துக்கு அக்கா முதல் படியில் போய் உட்கார்ந்தார், அண்ணன் கடைசிப் படியில். நான் மட்டும் மூன்றாவது படியில் இருந்தேன். அன்று எங்கள் அணி இரண்டு கோல் அடித்து முன்னால் இருந்தது. கடைசிக் கால் மணி நேரத்தில் இரண்டையும் திருப்பி வாங்கிக்கொண்டது. எங்கள் இடதுபக்க ஆட்டக்காரன் இடுப்பில் கைவைத்து நின்றதை அண்ணன் உட்பட எல்லோரும் பார்த்தோம்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் இறங்கி வந்தார். “அந்தாளையே போய்க் கேட்டுப்போடலாம்” என்றார். “அப்படி என்னத்தப் பாத்தாருன்னு நேர்ல சொல்லட்டும்.” அக்காவின் முகத்தைப் பார்க்காமல், “வாரதுன்னா வரச் சொல்லுங்க தம்பி” என்று சேர்த்துக்கொண்டார்.

புதன்கிழமை நான் விடுப்பு போட்டேன். அண்ணனின் பழைய ஆம்னி வேனில் கிளம்பினோம். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று வழி நெடுக அண்ணன் என்ன கேட்பதென்று ஒத்திகை பார்த்தபடி ஓட்டினார். அக்கா பின்சீட்டில், மடியில் ஒரு பொட்டலம் மீனோடு, பேசாமல் வந்தார்.

பண்ணை வாசலில் அவர் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் லுங்கியில் கையைத் துடைத்தார். “அட, வாங்க வாங்க. சோத்து நேரத்துக்குச் சரியா வந்துட்டீங்க” என்றார். அண்ணன் ஒத்திகை பார்த்த ஒரு வரியும் வெளியே வரவில்லை. “நல்லாருக்கீங்களா?” என்று கேட்டார்.

அவர் மனைவிதான் விஷயத்துக்கு வந்தார். “ஏனுங்க, அந்த வீடியோவுக்குத்தான வந்தீங்க? நானும் இவருகூட மூணு நாளாப் பேசறதில்லீங்க. பசங்க ஏறிருவாங்கன்னு நான் சொல்றேன். இவருக்கு அப்படிச் சொல்ல வாய் வல்ல.”

“நடக்கறதத்தான சொல்லோணும்?” என்றார் அவர். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, கோபமில்லாமல் சொன்னார். “லெப்ட்ல ஓடறவன் சனிக்கெழம நைட் சிப்ட் முடிச்சு காலைல ஏழு மணிக்குத்தான் ஊடு போறான். நடுவுல ஆடறவனும் அதே சிப்ட்டுதான். முன்னால ஆடற பையன் விடியறதுக்கு முன்ன போய் அணைக்கரைல ஐஸ் பொட்டி ஏத்தறான். தூங்காதவன் எழுபது நிமிசம் ஓடறதே பெருசுங்க. ஒம்போது வருசம் இதையேதான் பாத்தேன். எனக்கும் வழி தெரியல. அதனாலதான் நான் இருந்தப்பவும் ஏறல. இதுல ரகசியம் ஒண்ணுமில்லீங்க.”

இடதுபக்க ஆட்டக்காரனும் நடுவில் ஆடுபவனும் என் ஆலையில், என்னுடைய பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறவர்கள். சனிக்கிழமை இரவு அவர்கள் உள்ளே வரும்போது எதிரே நான் வெளியே போவேன். எத்தனையோ முறை “நாளைக்கு ஜெயிக்கோணும்” என்று தோளில் தட்டிவிட்டுப் போயிருக்கிறேன். அவர்கள் எப்போது தூங்குவார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

சாப்பிடக் கை கழுவப் போனபோது அவர்தான் செம்பில் தண்ணீர் ஊற்றினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“உங்கள மாத்தச் சொல்லிக் குடுத்த லெட்டர்ல என்ற கையெழுத்தும் இருக்குதுங்க” என்றேன்.

“தெரியுமுங்க. படிச்சேனே” என்றார். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. “அன்னிக்கு உங்களுக்கு அது சரின்னு பட்டுது. அந்தக் கைய நல்லாத் தேச்சுக் கழுவுங்க, மீன் கொழம்பு காத்திருக்குது.”

அவர் கேலியாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. இரண்டில் எதுவானாலும் என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

சாப்பாட்டின் நடுவே அக்கா சொன்னார். “அவங்க தூங்கோணும்னா வேற ஆளு முழிச்சிருக்கோணும். அவ்வளவுதான?”

அவ்வளவுதான். ஒன்பது வருடம் யாருக்கும் தோன்றாமல் போனதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. ஊர் திரும்பியதும் நான் மேற்பார்வையாளரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை இரவு ஷிஃப்டை நான் எடுத்துக்கொண்டு, என் பகல் ஷிஃப்டை இடதுபக்க ஆட்டக்காரனுக்குக் கொடுத்தேன். எங்கள் பிரிவில் இன்னொருவர், நான் கேட்ட உடனே, நடுவில் ஆடுபவனோடு மாற்றிக்கொண்டார். அக்கா ஞாயிறு விடியலில் அணைக்கரைக்குப் போய் அந்தப் பையனுக்குப் பதில் ஐஸ் பெட்டி ஏற்றினார். அவர் வயதைச் சொல்லி நாங்கள் தடுத்தபோது, “மீன் பொட்டி தூக்கற தலைதான, ஐஸ் பொட்டி என்ன பண்ணும்?” என்றார். அண்ணன் குழுவில் திரும்பச் சேர்ந்து, அக்காவின் குரல் பதிவுக்குக் கீழே ஒரு கும்பிடு போட்டார்.

அடுத்து இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். ஒன்று தோற்றோம். கடைசி ஆட்டத்தில் சமன் செய்தால்கூட மேலே போகலாம் என்ற நிலை வந்தது. அந்த ஞாயிறு அண்ணன் காலையிலேயே ஆம்னியை எடுத்துக்கொண்டு எருமப்பட்டிக்குப் போய்ப் பழையவரையும் அவர் மனைவியையும் அழைத்து வந்தார். புதுப் பயிற்சியாளர் ஓடிவந்து தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். “இன்னிக்கு நான் வேடிக்கை பாக்க வந்தவனுங்க” என்று சொல்லிவிட்டு, பழையவர் படியேறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் பாதியில் எங்கள் மேல் ஒரு கோல் விழுந்தது. அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். இரவு முழுக்க மூட்டை அடுக்கிய உடம்பு, பகலில் பரபரப்பில் கண்ணை மூடவில்லை. மாலை வெயில் முதுகில் இதமாகப் பட்டது. தூங்கிவிட்டேன்.

அக்கா தொடையில் அடித்து எழுப்பியபோது மைதானம் முழுக்க ஆட்கள். அண்ணன் நடுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது இடதுபக்க ஆட்டக்காரன் ஓடிப்போய்த் தூக்கிக் கொடுத்த பந்தை முன்னால் ஆடும் பையன் தலையால் முட்டி உள்ளே தள்ளியிருக்கிறான். அதற்குப் பிறகும் யாரும் சோரவில்லையாம். ஒன்றுக்கு ஒன்று. நாங்கள் ஏறிவிட்டோம்.

“ஏனுங்க, இவரு மட்டும் எந்திரிக்கவே இல்லீங்க” என்றார் பழையவரின் மனைவி சிரித்தபடி. “நீங்க இவரு தோள்ல சாஞ்சு தூங்கிட்டிருந்தீங்க. எந்திரிச்சா உளுந்துருவீங்கன்னு, ஊரே குதிக்கறப்ப உக்காந்தே பாத்தாரு.”

நான் அவரைப் பார்த்தேன். சட்டைத் தோளில் என் வியர்வை ஈரம் இருந்தது. அவர் கண்களும் ஈரமாகத்தான் இருந்தன.

“நான் சொன்னது தப்புங்க” என்றார். “இப்படித் தப்பாப் போறதுக்குக் குடுத்து வெச்சிருக்கோணும்.”

ஆட்டக்காரர்கள் படியேறி வந்து அவர் காலைத் தொட்டார்கள். இடதுபக்கப் பையன் என்னிடம் வந்து, “அண்ணா, கோலப் பாத்தீங்களா?” என்று ஆசையாகக் கேட்டான். பார்த்தேன் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்று மாலை மகளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கோல் எப்படி விழுந்தது என்று அவள் கேட்டாள். போனை அக்காவிடம் கொடுத்தேன். அவர் மைதானத்தின் நடுவில் நின்று, கையை நீட்டி நீட்டிக் காட்டி, போனில் தெரியாது என்ற நினைப்பே இல்லாமல், முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.