பந்திக்கு வாங்கிய ரொட்டியைத் தாளித்தேன்

கர்த்தருடைய பந்தியைத் தொட்ட காரியம் என்பதால் இதை எழுத வருஷக்கணக்கில் தயங்கினேன். எழுத உட்காருவேன், இரண்டு வரி எழுதுவேன், கிழித்துவிடுவேன். அஞ்சாவது வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் நடந்தது எனக்குத்தானே தெரியும்.

உலகச் சண்டைக் காலம். சித்தூரில் எங்கள் வீட்டுக்காரர் சபை மூப்பர். கர்த்தருடைய பந்தியான இராப்போஜனத்தில் போதகர் ஜெபித்துப் பிட்டுக் கொடுக்கும் ரொட்டி காட்பாடியிலிருந்து ரயிலில் வரும், எங்கள் வீட்டில்தான் இருக்கும். அந்தச் சனிக்கிழமையும் வந்தது. போதகர் வரவில்லை. மழையில் பாதை அறுந்து கார்வேட்டிநகரத்திலேயே தங்கிவிட்டார். ஆராதனையில் ஜெபமும் பாட்டும் மட்டும் நடந்தது. பந்தி அடுத்த ஞாயிறு என்றார்கள்.

புதன்கிழமைக்குள் ரொட்டி செங்கல்லாகிவிட்டது. அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். புருஷன் பட்டாளத்தில். முறைக்காய்ச்சலிலிருந்து, அதுதான் மலேரியா, எழுந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

"அக்கா, ஒரு பிடி அரிசி இருக்குமா? கண்ண கட்டிக்கினு வருது."

எங்கள் வீட்டில் கேழ்வரகு மாவுதான் இருந்தது. காய்ச்சல் வயிறு அதைத் தாங்காது. ரொட்டியை எடுத்தேன். முகர்ந்தேன், பிய்த்துப் பார்த்தேன். பூஞ்சையில்லை, நூல் விடவில்லை. வெந்நீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி, இட்லிப் பானையில் வைத்தேன். பஞ்சாகிவிட்டது. நடுப்பாகத்தைப் பாலும் வெல்லமும் விட்டுக் குழைத்து அவளுக்குக் கொடுத்தேன். ஓரங்களை உதிர்த்து, கடுகு, வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து, ஒரு கை மோர் தெளித்துக் கிளறி அவளுடைய பிள்ளைகளுக்கு வைத்தேன்.

"இன்னாக்கா இது, துரைசானி உப்புமாவா?" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து மாசமாகியிருந்தது.

சாயங்காலம் வந்த எங்கள் வீட்டுக்காரர் காலிக் கூடையைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கு வச்ச ரொட்டியாச்சே! போதகருக்கு இன்னா சொல்றது? எலி துன்னுகினு போச்சின்னு சொல்லட்டுமா?"

"எலி மேல பழி போடாதீங்க. நான்தான் சமைச்சேன்னு நானே சொல்லிக்கிறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, பந்தியிலிருந்து என்னை விலக்கிவைப்பார்களோ என்று பயம் பிடித்துக்கொண்டது. அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு இல்லை.

சனிக்கிழமை போதகர் வந்து கால் கழுவும் முன்பே சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு ஜெபம் பண்ணியிருந்ததா, அம்மா?"

"இல்லீங்க ஐயா."

"அப்போ அது வெறும் ரொட்டி. பசிச்சவங்க சாப்பிட்டாங்க. நாளைக்கு என்ன வைப்பீங்க?"

அன்றைக்குத்தான் ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமை போட்டிருந்தார்கள். "அரைச்சுச் சுட்டுக் கொண்டாரேங்க," என்றேன்.

"நீங்களே கொண்டு வந்து மேசைமேல வைங்க."

மறுநாள் தட்டோடு நடந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து, "அதோ, அப்பத்தத் தாளிச்சவ" என்று காதில் விழுந்தது. தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எனக்கும் பந்தியில் பங்கு கிடைத்தது. நன்றாக மென்று விழுங்கினேன்.

அதற்கப்புறம் இந்தக் கதை சந்திரகிரி வரைக்கும் போய் இரண்டாகத் திரும்பி வந்தது. ஜெபித்த அப்பத்தைத் தாளித்தேன் என்று சிலர். அதைத் தின்றதால்தான் காய்ச்சல்காரி பிழைத்தாள், அற்புதம் என்று சிலர். இரண்டும் பொய். ஜெபிக்காத ரொட்டி அது. அவள் காய்ச்சல் முன்பே இறங்கிவிட்டது. வயிறு நிறைந்தது, அவ்வளவுதான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். படிக்கிறவர்கள் யாருக்காவது சொன்னால் எனக்காகக் கூட்டாமலும், எனக்கு விரோதமாகக் குறைக்காமலும், இங்கே இருக்கிறபடியே சொல்லிவிடுங்கள்.