வெயிலில் காயவைத்த பேட்டரிகள்

இது கட்டிவிட்ட கதையில்லை. நம்பாதவர்கள் கச்சிராயபாளையம் ரேடியோ கடைக்குப் போய், கடைக்காரர் தெய்வசிகாமணியின் கட்டைவிரலை மோந்து பார்க்கலாம். எந்தச் சோப்புக்கும் அந்த நாற்றம் போகவில்லை. இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படிப்பது நல்லது.

1987 செப்டம்பர். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்த வாரம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். லாரி வராததால் கடையில் விற்க ஒரு பேட்டரிகூட இல்லை. மதியம் மூன்றேகால் மணிக்கு ஆண்டாள் வேகாத வெயிலில் நடந்தே வந்தாள். போன வருஷம் வாய்க்காலில் மூழ்கிச் செத்தானே இளவரசன், அந்தச் சிறுவனின் அம்மா. அவள் இடுப்பில் குழந்தையைப் போல ஒரு சிங்கப்பூர் ஆர்கன், பேட்டரியில் ஓடும் சின்ன வாசிப்புப் பெட்டி.

அந்த ஆர்கனில் பேசினால், குரலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் அதே குரல் வரும். பேட்டரி செத்தால் குரலும் அழிந்துவிடும்.

"எம்புள்ள கொரலு இதுலதாங்க இருக்குது. அழிஞ்சிடாம வேற பேட்டரி போட்டுக் குடுங்க."

தெய்வசிகாமணிக்கு வழி தெரியும். பேட்டரிக்குப் பதிலாக வீட்டுக் கரண்ட்டைக் கொடுக்கும் எலிமினேட்டரைச் செருகி, அதில் ஓடவிட்டுக்கொண்டே பேட்டரியை மாற்றினால் குரல் தங்கும். பாவம், பெற்றவள் என்று தன் டிரான்சிஸ்டரில் இருந்த பேட்டரிகளையே கழற்றினார். எலிமினேட்டரைச் செருகிவிட்டு ஆர்கனின் அடி மூடியைத் திறந்தார்.

நாற்றம் கடை முழுக்கப் பரவியது.

"இன்னாம்மா பண்ண இத?"

"கரண்ட்டுல ஓடசொல்ல பேட்டரிய எடுத்து, வெயில்ல காயவெச்சு காயவெச்சுப் போட்டங்க."

எல்லா வீட்டிலும் செய்வதுதான். அப்படிச் செய்தால் பேட்டரி கசியும், வெள்ளையாகப் பூத்துப்போகும். இது அப்படியில்லை. மஞ்சளாக... கொழகொழவென்று... சீழ். துணியால் துடைத்தார். மறுபடி ஊறியது. வெதுவெதுப்பாக ஊறியது. ச்சீ!

மூச்சை அடக்கிக்கொண்டு பேட்டரிகளை நெம்பி எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது.

போச்சு. குரல் அழிந்தது. இவளுக்கு என்ன பதில் சொல்வது? ஒரு பொத்தானை அழுத்தினார்...

"யம்மா..."

பேட்டரி இல்லை. கரண்ட்டும் இல்லை.

தண்ணீரை விழுங்குவது போல, களுக்... களுக்...

விரலை எடுத்தார். குரல் நிற்கவில்லை.

"நாறுதும்மா... என்ன வுட்டுடும்மா..."

சீழ் அவர் கட்டைவிரல் மேல் ஏறியது.

ஆண்டாள் அசையவில்லை.

"அப்டித்தாங்க அழுவான். நீங்க பேட்டரியப் போடுங்க."

போட்டார். குரல் அடங்கியது. அவள் முந்தானையால் அந்த அசிங்கத்தைத் துடைத்து, ஆர்கனுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் கடை வாசலிலேயே வாந்தி எடுத்தார்.

சாலை திறந்தபின், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவள் தம்பி கந்தசாமி லீவில் வந்தான். அக்காவுக்குப் பேட்டரி வாங்கக் கடைக்கு வந்தவனிடம் தெய்வசிகாமணி கேட்டார்.

"ஏம்ப்பா, அந்த ஆர்கன்ல புள்ள கொரல நீதான் புடிச்சுக் குடுத்தியா?"

கந்தசாமி எண்ணிக்கொண்டிருந்த காசை அப்படியே மேசையில் வைத்தான்.

"இன்னாண்ணே சொல்றீங்க? அவனுக்குன்னுதான் வாங்கனேன். நான் எடுத்துக்கினு வந்து எறங்கசொல்ல, அவனப் பொதைச்சு ஒரு மாசம் ஆயிருந்துச்சுண்ணே."