உலகம்மாள் கடைக் கோஜிப் பழம்

உள்ளங்கையை நீட்டச் சொல்லி, காய்ந்த கோஜிப் பழம் நாலைந்தை அதில் வைத்த பிறகுதான் உலகம்மாள் பேசவே தொடங்குவாள். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கடைப்பக்கம் வருகிறவர்களிடம், “மென்னு பாருங்க, பொறவு வேண்டாம்னா போங்க” என்பாள். சீனாவிலிருந்து வரும், கிஸ்மிஸைவிட மெலிந்த அந்தச் சிவப்புப் பழம் முதலில் இனிக்கும், அப்புறம் லேசாகப் புளிக்கும், கடைசியில் நாக்கில் ஒரு கசப்பு நிற்கும். கசப்பு வருவதற்குள் விலையைச் சொல்லிவிடுவது அவள் சாமர்த்தியம்.

ஏலம், கிராம்பு, அத்திப்பழம் என்று கடை நிறையச் சாமான் இருந்தாலும் கோஜியைப் பற்றிப் பேசும்போதுதான் அவளுக்கு வாய் மணக்கும். ராத்திரி ஊறவைத்துக் காலையில் தண்ணீரோடு தின்னலாம், பாயசத்தில் போடலாம், கஞ்சியில் போடலாம். செங்கோட்டை வழியாக வரும் மலையாளிகளிடம் பால் விடாத கட்டஞ்சாயாவில் போடச் சொல்வாள். அசதி போகும், தூக்கம் வரும், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணுக்கு நல்லது. “சீனாவுல கெழவங்கூடக் கண்ணாடி போடமாட்டான், இதத் திங்கதுனாலதான்” என்று கூசாமல் அடித்துவிடுவாள். சீனாவை அவள் எங்கே கண்டாள்?

அதை அவளே நம்பினாள் என்பதுதான் கொடுமை. கணவர் சங்கிலிப்பாண்டி போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை அவர் கண்ணைத் தொட்டபோது, தாமதிக்காமல் கண்ணில் ஊசி போட வரச் சொன்னார் திருநெல்வேலி டாக்டர். அது சீசன் நேரம், கடையில் கூட்டம். சாரல் நின்றதும் போவோம் என்று இவள் தள்ளிப்போட்டாள். அதுவரைக்கும் காலையும் மாலையும் ஒரு கைப்பிடி கோஜி கொடுத்தாள். அவள் மனம் நோகக்கூடாது என்று, “இப்ப கொஞ்சம் தெளிவாத் தெரியுது” என்றார் அவர். அந்தப் பொய்யை அவள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டாள். சாரல் நின்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு கண்ணுமே கைவிட்டுப் போயிருந்தன.

இப்போது அவர் அவளுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, தடவித் தடவிப் பொட்டலம் கட்டித் தருகிறார். யாராவது கண்ணைப் பற்றி விசாரித்தால் போதும், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்னால் மூட்டைகளுக்கு நடுவே போய் நின்றுகொள்வார். தன்னைப் பார்த்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர் நினைப்பு. அவள் ஒருநாளும் போகச் சொன்னதில்லை. போகவேண்டாம் என்றும் சொன்னதில்லை. அவர் அங்கே நிற்கும்போது இங்கே கண்ணுக்கு நல்லது என்று சொல்லி விற்பாள்; ஆள் போனதும் அந்தக் காசை எண்ணாமலே கல்லாவில் போடுவாள்.

போன சனிக்கிழமை வீரகேரளம்புதூரிலிருந்து வந்த ஒரு பெண், அப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லி ஒரு கிலோ கேட்டாள். சங்கிலிப்பாண்டி வழக்கம்போல எழுந்தார். உலகம்மாள் அவர் கையைப் பிடித்தாள்.

“எங்கயும் போவேண்டாம். இங்கனயே இரிங்க.”

“ஏட்டி, யாவாரத்தக் கெடுக்காத” என்றார் அவர் தணிந்த குரலில்.

அவள் கையை விடவில்லை. “பாயசத்துக்குன்னா வாங்கிட்டுப் போம்மா. கண்ணுக்குன்னா வேண்டாம். அப்பாவ இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் இவர நேரத்துக்குக் கூட்டிட்டுப் போவல.”

அந்தப் பெண் ஒன்றும் விளங்காமல் நின்றாள். சங்கிலிப்பாண்டி மெல்ல உட்கார்ந்தார். போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண்ணின் குரல் கேட்டிருந்த பக்கமாக முகத்தைத் திருப்பிக் காட்டினார்.