இரண்டு கட்டில் போட்ட அறை

காலை ஆறரை மணிக்கு நகரி பேருந்து நிலையத்தில் திருப்பதி பஸ் கிடைத்தது. ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்; டிக்கெட் தொண்ணூறு ரூபாய். திருப்பதிக்குப் போகிறவர்கள் எல்லாருமே சாமி கும்பிடப் போகிறார்கள் என்று கண்டக்டருக்கு ஒரு நினைப்பு. “தரிசனமா சார்? ஒண்டியாவா போறீங்க? வீட்டம்மாவக் கூட்டிக்கினு வந்தா அவங்களுக்கு டிக்கெட்டே இல்லியே” என்றார். ஆந்திராவில் இப்போது அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. என் மனைவி சாரதாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. இலவசமே ஆனாலும் படியில் ஏற வேண்டுமே. இதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் இல்லை, அதைப் பற்றி நாங்கள் பேசி முடித்து வெகு காலம் ஆகிறது. சாரதாவைத் தூக்கி உட்கார வைக்க இனி என் முதுகு ஒத்துழைக்காது என்பது போன மாதம் தெரிந்துவிட்டது. தூக்கப் போய் இருவருமாக விழுந்தோம். எழுந்திருக்க முடியாமல், பால்காரர் வரும் வரை தரையிலேயே கிடந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். ஆகவே முதியோர் இல்லம். ஆனால் இருவரையும் ஒரே அறையில் இருக்க விடுகிற இல்லமாக வேண்டும். அதைத் தேடித்தான் இந்தப் பயணம். சாரதாவின் தங்கை இரண்டு நாள் துணைக்கு வந்திருந்தாள்.

ஒன்பது மணிக்குத் திருப்பதி. அங்கிருந்து திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். கூட வந்தவர்கள் எல்லாரும் தாயாரைச் சேவிக்க வந்த ஒரே குடும்பம். இடம் போதாமல் என் மடியிலும் ஒரு பையை வைத்தார்கள். கோயிலருகே அவர்கள் இறங்கியதும் ஆட்டோ சட்டென்று பெரிதாகிவிட்டது. அந்தப் பையை இன்னும் கொஞ்ச தூரம் வைத்திருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நான் போன இல்லம் மூன்று மாடி. வாசலிலிருந்து மேல்தளம் வரை முகம் பார்க்கக்கூடிய கிரானைட் தரை. முதியவர்களுக்குக் கட்டடம் கட்டச் சொன்னால் யாரோ நகைக்கடை கட்டியிருக்கிறார்கள். அந்தப் பளபளப்பில் வழுக்கிவிடாமல் நான் பூனை நடை நடந்தேன். பின்பக்கம் அருமையான தோட்டம், சிமெண்ட் பெஞ்சுகள், ஒரு மயில் பொம்மை. ஒருவர்கூட அங்கே இல்லை. அத்தனை பேரும் முன்வாசலில், காவலாளியின் நாற்காலியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயதானால் செடி பார்க்கத்தான் ஆசை வரும் என்று திட்டம் போட்டவருக்கு யார் சொன்னார்களோ!

மேனேஜர் இளைஞர், மரியாதையானவர். “ஆம்பளைங்க கீழ, லேடீஸ் மேல சார். சாயங்காலம் ஹால்ல பாத்துக்கலாம்.”

“நாங்கள் கணவன் மனைவி” என்றேன்.

“அவுனு, ஆமா சார், யாரா இருந்தாலும் அதே ரூல்தான். இந்த வயசுல சேந்து இருந்து இன்னா சார் பண்ணப் போறீங்க?”

பண்ணுவதற்கு ஒன்றுமில்லைதான். ராத்திரி அவள் தண்ணீர் கேட்பாள். நான் எடுத்துக் கொடுப்பேன். கொடுத்த பிறகு கொஞ்ச நேரம் தூக்கம் வராது, ஏதாவது சொல்லுவாள். நாற்பத்தாறு வருஷத்தில் மிஞ்சியது அவ்வளவுதான். அதை அந்தப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மதியம் சித்தூர் பஸ். சந்திரகிரி தாண்டியதும் வெயில் முகத்துக்கு நேராக வந்தது. எழுபது கிலோமீட்டர் தூங்கி வழிந்து, நாலு மணிக்கு இறங்கினேன். சித்தூரில் பார்த்த இல்லம் ஒரு காலத்தில் கல்யாண மண்டபம். நீள ஹாலில் வரிசையாகக் கட்டில்கள். கழிப்பறை சமையல்கட்டுக்கும் அந்தாண்டை, மண்டபத்தின் கடைக்கோடியில். ஒரு அம்மாளின் தம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. குடிக்கவில்லையா என்று கேட்டேன். “மூணு மணிக்கு மேல நாங்க யாரும் தண்ணி குடிக்கறதில்ல. அவ்ளோ தூரம் யாரு போறது?” என்றார். கல்யாணத்துக்குக் கட்டியதில் கடைசிக் காலத்தைக் கழிக்கச் சொன்னால் இப்படித்தான். பிறகு நான் எதையும் விசாரிக்கவில்லை.

லாட்ஜில் எழுநூறு ரூபாய். “ஒருத்தரா சார்?” என்று கேட்டுவிட்டு, ஒற்றை அறை இல்லை என்று இரண்டு கட்டில் போட்ட அறையைக் கொடுத்தார்கள். ஓட்டலிலும் அதே கேள்வி. ஆமாம், ஒருத்தர்தான். டிபனை முடித்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தேன். சாரதா சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று அவள் தங்கையிடம் கேட்டேன். எல்லாம் நன்றாக நடக்கிறது என்றாள். நான் இல்லாமலும் நன்றாக நடக்கிறது என்பது நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

மறுநாள் ஏழு மணிக்குப் பலமனேர் பஸ். நாற்பது கிலோமீட்டர். மொகிலி மலைப்பாதை ஏறியதும் காற்று மாறியது. சால்வை கொண்டுவராததற்கு என்னையே திட்டிக்கொண்டேன். பக்கத்து சீட்டில் தக்காளி வியாபாரி ஒருவர், விலை விழுந்துவிட்டதைத் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார்.

ஊரின் ஓரத்தில் இருந்தது இல்லம். தரைத்தளம் மட்டும். வேலையில் இருந்த நாளிலிருந்தே ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் என் கண் குறைகளைத்தான் தேடும். இங்கே தேடித்தேடித் தோற்றேன். கேட்டிலிருந்து கட்டில் வரை ஒரு படி இல்லை, நிலைவாசல் தடுக்கவில்லை. கட்டிலோடு தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வரும் அகலத்தில் கதவுகள். படுத்தபடியே ரோடு தெரிகிற உயரத்தில் ஜன்னல். தலையணையிலிருந்து பார்த்தால் கழிப்பறைக் கதவு தெரிகிறது. சுவரோரக் கைப்பிடிகள்கூட மரத்தில்.

பொறுப்பாளர் வசந்தம்மா, ஐம்பது வயதிருக்கும். “இரும்பு போட்டா காலைல சில்லுனு இருக்கும் சார், பிடிக்க மாட்டாங்க. கட்டறதுக்கு முன்னாடி பத்து வீட்டுக்குப் போயி, வயசானவங்க கூடவே காலைலருந்து பொழுது சாயறவரைக்கும் உக்காந்துகினு பாத்தோம். எங்க பிடிக்கறாங்க, எங்க நிக்கறாங்க, எதப் பாத்துக்கினு இருக்காங்கன்னு. அதுக்கப்பறம்தான் பிளானே போட்டோம்” என்றார். தம்பதிகளுக்கென்று ஆறு அறைகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாரதாவை எந்த ஜன்னலோரம் படுக்க வைப்பது என்று மனதுக்குள் முடிவுகூடச் செய்துவிட்டேன்.

“எப்போது வரலாம்?”

“ஆறும் ஃபுல்லு சார்.”

“மூன்றாவது அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்ததே? பெரியவர் ஒருத்தர்தானே இருக்கிறார்?”

“அவரு வீட்டம்மா தவறிட்டாங்க. அவரு அங்கயேதான் இருப்பாரு. ஆறுல நாலு ரூம் இப்ப அப்படித்தான்.”

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பேர் வெளியே தவிக்கிறோம், ஒருவர் இரண்டு கட்டிலை வைத்துக்கொண்டிருக்கிறார், இது என்ன நியாயம் என்று கேட்டேன். வசந்தம்மா குரலை உயர்த்தவில்லை.

“பொண்டாட்டி போன மறுமாசமே ரூமையும் மாத்துனா அவரு எங்க சார் போவாரு? மத்த எடத்துல அப்படித்தான் பண்றாங்க. அது கூடாதுன்னு கட்டும்போதே முடிவு பண்ணோம். நாளைக்கு நீங்களே வந்தாலும் இதான். வரும்போது ரெண்டு பேரா வரணும். அப்புறம் ஒருத்தரா இருக்கலாம்.”

நாற்பது வருஷம் கட்டடம் பார்த்தவனுக்கு ஒழுங்கான திட்டம் எது என்று தெரியாதா? அந்தத் திட்டம் என்னை வெளியே நிறுத்தியது, அவ்வளவுதான். பெயரைப் பதிந்துவிட்டுக் கிளம்பினேன்.

வராந்தாவில் வரும்போது மூன்றாம் அறையிலிருந்து அந்தப் பெரியவர் உள்ளே கூப்பிட்டார். கோவிந்தசாமி, சத்தியவேடு பக்கத்து விவசாயி, எண்பத்தொரு வயது. தமிழ்ப் பேச்சு காதில் விழுந்ததாம்.

“நகரியா? நம்ம பக்கம்தான்! உக்காருங்க, உக்காருங்க. இங்க எல்லாரும் நல்லவங்கதான், எல்லாம் தெலுங்குலயே பேசுவாங்க. அவ போனப்பறம் தமிழ்ல சண்ட போடக்கூட ஆளு இல்ல.” நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த இன்னொரு கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் போட்டிருந்தது. அதில் உட்காரச் சொல்லவில்லை. “ரூம் கேட்டு வந்தீங்களா?”

ஆமாம் என்றேன்.

“எனக்கு சுகர் இல்ல, பிரஷர் இல்ல. நானும் மேல கீறவன் கூப்புடுவான் கூப்புடுவான்னு பாத்துக்கினு கீறேன், கூப்புட மாட்றான். கொஞ்சம் பொறுத்துக்கோங்க!” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. நீண்ட இருமல். எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அது என்னவென்று தெரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. அவசரமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் நேரம் ஆகும் வரை விடவில்லை.

சித்தூரில் பஸ் மாறி, புத்தூர் வழியாக நகரி வந்தபோது மாலை ஆறு. வழியெல்லாம் கோவிந்தசாமியின் இருமல்தான். என் வீட்டு வாசலில் மூன்று படிகள், ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிலைவாசல், கழிப்பறை கொல்லையில். நானே நின்று கட்டிய வீடு. நாற்பது வயதுக்காரன் ஒருவனுக்காகக் கட்டியது, அவன் போய்விட்டான்.

சாரதா விழித்திருந்தாள். “எடம் கெடச்சுதா?” என்றாள். வாய் கோணியிருப்பதால் சொற்கள் மெதுவாகத்தான் வரும்.

பலமனேரைப் பற்றிச் சொன்னேன். ஜன்னல், மரக் கைப்பிடி, கட்டிலோடு வராந்தா. கேட்கக் கேட்க அவள் நல்ல கை என் விரல்களை இறுக்கியது.

“எப்பப் போறோம்?”

“அறை இன்னும் காலியாகவில்லை. ஒரு பெரியவர் இருக்கிறார். மனைவி தவறிவிட்டார். சத்தியவேட்டுக்காரர். நல்ல மனுஷன்.”

சாரதா, “பாவம். ஒண்டியா கீறாரு. அவரு நூறு வருசம் நல்லா இருக்கட்டும்” என்றாள்.

எனக்கு உடனே ஆமாம் சொல்ல வாய் வரவில்லை.