எங்கள் குடும்பத்து நீதிபதி

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் அப்பாவின் பெயரை எழுதினேன். நம் பக்கம் எல்லாரும் செய்வதுதான். குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்தால்தானே எழுத? அந்தக் கட்டம்தான் என்னைக் கெடுத்தது.

அப்பாவின் பெயர் ஒரு வெள்ளைக்காரச் சாமியாருடையது. கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்த அப்பாவை அந்தச் சாமியார்தான் பிழைக்க வைத்தாராம். அந்த நன்றிக்கு, ஊர் அவரை எப்படிக் கூப்பிட்டதோ அதையே பெயராக வைத்து ஞானஸ்நானம் வாங்கிவிட்டார்கள். அது அந்தச் சாமியாருடைய குடும்பப் பெயர் என்பது இங்கே யாருக்கும் தெரியாது.

மூன்று வருடங்களுக்கு முன் கனடாவிலிருந்து ஒரு பெண்மணி மின்னஞ்சல் அனுப்பினார். அவருக்கும் அதே குடும்பப் பெயர். அந்தப் பெயர்க்காரர்களையெல்லாம் தேடிப்பிடித்து ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். காட்டை வெட்டி முதலில் குடியேறியவர்கள், மரம் அறுக்கும் ஆலை வைத்தவர், ஒரு மேயர், ஒரு நீதிபதி. இணையத்தில் என் பெயர் அகப்பட்டிருக்கிறது. நீங்கள் எந்தக் கிளை என்று கேட்டிருந்தார்.

ஒரே வரியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கனடாவிலிருந்து லோயர் கேம்ப் பக்கம் கால்வாய் வேலைக்கு வந்த என்ஜினீயர்தான் என் தாத்தா என்று எழுதினேன். மகள் அந்த நாட்டில் படிக்க விண்ணப்பித்திருக்கிறாளே, அதற்காகத்தான் என்று மனைவியிடம் சொன்னேன். அதுவும் புளுகு. எனக்கு அந்த நீதிபதி வேண்டியிருந்தது. என் தாத்தா வடுகபட்டி பூண்டு மண்டியில் மூட்டை தூக்கியவர். பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவனின் லட்சணம் இது. எழுத இப்போதும் கை கூசுகிறது.

போன தை மாதம் அந்த அம்மா தேனியில் வந்து இறங்கிவிட்டார். என் அப்பாவைப் பார்க்க வேண்டுமாம். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, மொழிபெயர்க்கப் போவது நான்தான் என்பது ஒன்றே தைரியம்.

உங்கள் தகப்பனார் எப்படிப்பட்டவர் என்று அந்த அம்மா கேட்டதைத் தமிழில் சொன்னேன். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

முதலில் தாத்தாவின் பெயரைச் சொன்னார். காவல் தெய்வத்தின் பெயர். அந்த அம்மாவுக்குப் புரியட்டும் என்று நிறுத்தி, இன்னொரு தரமும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு மூட்டையைச் சேத்துத் தூக்குவாக. கடைசி வரைக்கும் அவுக சாமியத்தான் கும்பிட்டாக. ஆனா ஞாயித்துக்கிழமையான்னா என்னைத் தோள்ல வச்சுக் கொண்டாந்து மாதா கோயில் பூசைக்கு விட்டுட்டு, முடியிற வரைக்கும் வெளிய வெயில்ல நிப்பாக."

நான் ஆங்கிலத்தில் சொன்னது: நல்ல உயரம், வேலையில் கெட்டிக்காரர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதிக்கொண்டார். போகும்போது அப்பாவின் கையில் முத்தமிட்டார்.

அவரைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். ஒருவழியாகத் தப்பித்தோம் என்றிருந்தது. அப்பா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, எங்க அய்யா பேரை நீ அந்தம்மாகிட்டச் சொல்லவே இல்லையே."

"சொன்னேன்ப்பா. இங்கிலீசுல சொன்னேன், ஒங்களுக்கு வெளங்கியிருக்காது."

எண்பதைத் தாண்டிய மனிதர் என் முகத்தையே பார்த்தார்.

"பேருக்கு ஏதுலே இங்கிலீசு?"