மார்கழியில் முறிந்த ஊசிகள்

"கம்பியில் குற்றமில்லை. எண்ணெயை மாற்றிப் பார்க்கிறேன். ஞாயிறன்று வர முடியுமா?"

இவ்வளவுதான் எனக்கு வந்த அந்த அஞ்சலட்டையில். காங்கேயம் முத்திரை தெளிவாக இருக்கிறது. மார்கழி என்று எழுதியவரே குறித்திருக்கிறார். ஆண்டின் மேல் மை பரவிவிட்டது. அறுபதுகளின் நடுப்பகுதி என்பதற்கு மேல் சொல்ல நான் துணியவில்லை.

எழுதியவர் உலோகவியல் படித்தவர். வடக்கே ஓர் உருக்காலையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, பனியன் மிஷினுக்கு ஊசி செய்யச் சொந்த ஊரான காங்கேயத்துக்குத் திரும்பியிருந்தார். வெளிநாட்டு ஊசிக்கு இறக்குமதி அனுமதி கிடைப்பது அப்போது குதிரைக்கொம்பு. காங்கேயத்துக்கு அருகே, ராயபுரத்தில் நான் துணியில் குறை பார்க்கும் வேலையில் இருந்த பனியன் கம்பெனியின் முதலாளி, பழைய மிஷின் ஒன்றை அவருடைய சோதனைக்காக ஒதுக்கினார். வேறெந்தக் கம்பெனியும் அதற்கு முன்வரவில்லை.

பனியன் ஊசி பார்வைக்கு அற்பமானது. எஃகுக் கம்பியின் நுனியில் ஒரு கொக்கி, அதை மூடித் திறக்கும் சிறு நாக்கு, அவ்வளவே. ஆனால் எஃகு இறுகிப்போனால் கொக்கி ஒடிந்து துணியில் ஓட்டை விழும். இளகிப்போனால் ஊசி வளைந்து துணி நெடுகக் கோடு விழும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பதத்தைப் பிடிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

ஐப்பசியில் அவர் கொடுத்த ஊசிகள் நன்றாக ஓடின. மார்கழியில் வந்தவை மானத்தை வாங்கின. ஓட்டையும் கோடுமாக வந்த துணியை நான் மேசையில் விரித்துக் காட்டினேன்.

முதலாளி சிரித்துவிட்டார். "என்னங்க எஞ்ஜினியர், ஒண்ணு கோரைப்புல்லாட்ட வளையுது, ஒண்ணு முறுக்காட்ட ஒடியுது. தேங்கா எண்ணெ வாசம் வேற அடிக்குது. ஊசி பண்றீங்களா, பலகாரம் சுடறீங்களா?"

அவரும் சிரித்தார். "பலகாரமா இருந்தா இந்நேரம் வித்துருக்குமுங்க."

"கம்பி மட்டமுன்னு சொல்லிப்போடுங்க. நானும் உட்டுடறேன்."

"அப்படிச் சொன்னா அடுத்த கம்பிக்கும் இதே கதிதானுங்க. கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்கறனுங்க. ஆனா தைப்பொங்கல் வரைக்குந்தான். அப்புறம் மிஷின் எனக்கு வேணுமுங்க."

மிஷின் போனால் ஊசியைச் சோதிக்க வழியில்லை. திரும்பவும் வடக்கே வேலை தேடிப் போக வேண்டியதுதான். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அதன் பிறகு வந்ததுதான் அந்த அட்டை. ஞாயிறு விடியும் முன்பே காங்கேயத்தில் அவருடைய பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் உலை மூட்டுவது அந்த வேளையில்தான். வெயில் வந்துவிட்டால் எஃகின் சிவப்பைக் கண்ணால் மதிப்பிட முடியாது என்பார். செக்கச்சிவந்த ஊசியை எண்ணெயில் அமிழ்த்தினால் எஃகு இறுகும். காங்கேயத்தில் மலிவாகக் கிடைப்பது தேங்காய் எண்ணெய். ஐப்பசியில் உறையாமல் இருந்த அது, அன்றைய குளிரில் வெண்ணெயாக உறைந்து கிடந்தது.

"இது கண்ணுக்கு முன்னாலதானுங்க இருந்துச்சு. ஊசிச் சூட்டுலயே உருகிக்குமுன்னு உட்டுட்டேன்" என்றார்.

உருகத்தான் செய்தது, ஊசியைச் சுற்றிக் கொஞ்சம் மட்டும். ஓர் ஊசி சட்டென்று குளிர்ந்து இறுகியது, பக்கத்து ஊசி மெல்லக் குளிர்ந்து இளகிப்போனது. அவருடைய ஊகம் அது. ஊகத்தோடு அவர் நிற்கவில்லை. ஒரே கம்பியில் செய்த ஊசிகளை ஒரே உலையில் காய்ச்சி, பாதியை உறைந்த தேங்காய் எண்ணெயிலும் பாதியைக் கடலை எண்ணெயிலும் போட்டார். கடலை எண்ணெய் அந்தக் குளிரிலும் உறையவில்லை. பிறகு குறட்டால் ஒவ்வொன்றாக ஒடித்து, முறிந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, என்னையும் பார்க்கச் சொன்னார். கடலை எண்ணெய் ஊசிகளின் முறிவு ஒன்றுபோல் இருந்தது. மற்றவை ஆளுக்கொரு விதம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுகிற அந்தப் பொறுமையை, கெடு நெருங்கும் வேளையில் நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

பொங்கலுக்கு முன்பே கடலை எண்ணெய் ஊசிகள் மிஷினில் ஏறின. வந்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடும் இல்லை, ஓட்டையும் இல்லை. முதலாளி நம்பாமல் தானே இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"மிஷின் உங்க சோதனைக்கே கெடக்கட்டுமுங்க. ஆடி வரைக்கும் ஓட்டிப் பாருங்க."

வெளிநாட்டு ஊசியைவிட இவை சீக்கிரம் தேய்ந்தன என்பதையும் குறிக்க வேண்டும். ஆனாலும் அந்த மிஷின் நிற்கவில்லை. நாட்டிலேயே கடலை எண்ணெயில் பதமிட்ட முதல் பனியன் ஊசி இதுதான் என்று முதலாளி பிற்காலத்தில் எல்லோரிடமும் சொல்லிவந்தார். அதற்கு இதுவரை எனக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.